முகூர்த்தத்துக்கு ஆறு வாரம்: கண்ணுக்கு லேசர் செய்துகொள்ளலாமா?

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். வயது 24. கோவையில் ஐ.டி. வேலை. ஐந்தாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி. இப்போது வலது கண்ணில் மைனஸ் 6.5, அதோடு சிலிண்டர் (கண்ணின் முன்படலம் ஒரே சீராக வளையாததைத் திருத்தும் பவர்) மைனஸ் 1.25. இடது கண்ணில் மைனஸ் 6, சிலிண்டர் 0.75. கடந்த 14 மாதத்தில் மட்டும் இரண்டு கண்ணிலும் அரை பவர் ஏறியிருக்கிறது. இன்னும் ஆறு வாரத்தில் கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்று கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்ததால், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கண்ணாடி விஷயமே தெரியாது. "கல்யாணத்துக்குள்ள லேசர் பண்ணி முடிச்சிடு" என்கிறார் அம்மா.

முதலில் போன மருத்துவமனையில் அரை மணி நேரத்தில் பரிசோதனை முடிந்து, "தாராளமாக லாசிக் செய்யலாம்" என்று 65,000 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். மனசு கேட்காமல் இன்னொரு டாக்டரிடம் போனால் அவர், "கார்னியா (கண்ணின் முன்படலம்) மெலிசு, 482 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஸ்கேனில் கீழ்ப்பக்கம் சந்தேகமாக இருக்கிறது. லேசர் வேண்டாம். பிறகு யோசித்துக் கண்ணுக்குள் ஐ.சி.எல். லென்ஸ் வைத்துக்கொள்ளலாம்" என்றிருக்கிறார். அதற்கு இரண்டு கண்ணுக்கும் 1,90,000 ரூபாய்.

வாசகி கேட்பவை இவை. இரண்டு பேரில் யார் சொல்வது சரி? அதிகப் பணத்துக்காகத்தான் இரண்டாவது டாக்டர் லேசர் வேண்டாம் என்கிறாரா? ஸ்மைல் லேசரில் வெட்டே கிடையாது என்கிறார்களே, அது மெலிசான கண்ணுக்கு ஒத்துவராதா? பவர் அதிகமுள்ள பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடாது என்று அத்தை சொல்கிறார், லேசர் செய்துவிட்டால் அந்தப் பயம் போய்விடுமா? பவர் மறுபடி வருமா? மாப்பிள்ளை வீட்டில் இதையெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் இந்தக் கேள்விகள் எதிலும் இல்லை. இரண்டாம் பக்கத்தின் கீழே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "தம்பிக்குக்கூட 17 வயதில் கண்ணில் சி3ஆர் என்று ஏதோ செய்தார்கள், அது வேறு பிரச்சினை." அதற்கு நாலு வரி தள்ளி, "எனக்குத் தூசி அலர்ஜி உண்டு, அரித்தால் கண்ணை நன்றாகக் கசக்கிவிடுவேன்" என்றும் இருக்கிறது. முதல் மருத்துவமனையில் இந்த இரண்டையும் அவர்கள் கேட்டார்களா, நீங்கள் சொன்னீர்களா என்று எழுதவில்லை. என்னைப் பொறுத்தவரை உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தம்பிக்கு வந்தது வேறு பிரச்சினை இல்லை

கார்னியா என்பது கருவிழிக்கு முன்னால், கடிகாரத்தின் மேல்கண்ணாடி மாதிரி இருக்கும் தெளிவான படலம். லேசர் செய்வதெல்லாம் இதில்தான். சிலருக்கு இந்தப் படலம் பதின்ம வயதில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கும். கெரட்டோகோனஸ் என்பது இதன் பெயர். இருபதுகளிலும் இது வளரலாம். முப்பதுகளில்தான் பெரும்பாலும் அடங்கும். அது வளராமல் நிறுத்துவதற்குச் செய்வதுதான் சி3ஆர். ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் பி2 சொட்டு மருந்தைக் கார்னியாவில் ஊறவைத்து, அதன் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, படலத்தின் இழைகளை இறுக்குவார்கள். உங்கள் தம்பிக்கு 17 வயதில் சி3ஆர் செய்தார்கள் என்றால் அவருக்குக் கெரட்டோகோனஸ் இருந்தது, வளர்ந்துகொண்டும் இருந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது குடும்பத்தில் வரக்கூடியது. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் உங்களுக்கும் இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். அலர்ஜியும், கண்ணை அழுத்திக் கசக்கும் பழக்கமும் அதற்குத் துணை போகின்றன. 24 வயதிலும் பவர் ஏறிக்கொண்டிருப்பது, சிலிண்டர் பவர், மெலிசான கார்னியா எல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண விஷயங்கள். தம்பியின் கதையோடு ஒரே கண்ணில் சேர்ந்து வரும்போது நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படி ஒரு கண்ணில், வெளியே தெரியாத ஆரம்பநிலைக் கெரட்டோகோனஸ் இருந்து, அதன் மேல் லாசிக் செய்துவிட்டால் என்ன ஆகும்? ஏற்கெனவே பலம் குறைந்த சுவரில் இன்னும் கொஞ்சம் செங்கல்லை உருவுவது மாதிரிதான். படலம் மெல்ல முன்னால் தள்ளும். எக்டேசியா என்போம். உடனே தெரியாது. சில மாதத்திலும் வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம். என்னிடம் வந்த ஒரு பையன் 21 வயதில் வேறொரு ஊரில் லாசிக் செய்துகொண்டவர். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ராத்திரி பைக் ஓட்டும்போது எதிரே வரும் விளக்கெல்லாம் கீழ்நோக்கி வால் விட ஆரம்பித்தது. "டாக்டர், நிலாவைப் பார்த்தால் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று நிலா தெரியுது" என்றார். இப்போது தினமும் காலையில், பெரிய கிண்ணம் போன்ற ஸ்கிளீரல் லென்ஸில் சலைன் ஊற்றி, தலையைக் குனிந்து கண்ணில் பொருத்திக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று போனவருக்கு இப்போது கண்ணாடியும் உதவுவதில்லை.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பொருத்தமான கண்ணுக்கு லாசிக் அருமையான சிகிச்சை. நானே பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன், அவர்களில் பெரும்பாலோர் சந்தோஷமாக இருக்கிறார்கள். அந்தப் பையனின் பழைய பேப்பர்களை வாங்கிப் பார்த்தபோது, அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேனிலேயே கீழ்ப்பக்கம் லேசான ஒரு திட்டு இருந்தது. யாரோ ஒருவர் அதைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் போதும். உங்களுக்கு அப்படிச் சொல்ல ஒருவர் கிடைத்திருக்கிறார்.

இரண்டு டாக்டர்களும் ஒரே கண்ணைத்தான் பார்த்தார்கள்

அப்படியென்றால் முதல் மருத்துவமனை ஏமாற்றியதா? அப்படியும் சொல்ல மாட்டேன். அவர்கள் போட்ட கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

நம் ஏ.டி.எம். கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர். உங்கள் கார்னியா நடுவில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, 482 மைக்ரான். லாசிக்கில் முதலில் மேற்புறத்தில் சுமார் 110 மைக்ரான் கனத்தில் ஒரு மூடியைச் சீவித் திறப்பார்கள். ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும், புத்தக அட்டை மாதிரி. திறந்த இடத்தில் எக்ஸைமர் லேசரால் படலத்தைச் செதுக்கிவிட்டு மூடியைத் திருப்பி வைப்பார்கள். ஒரு பவர் குறைக்க 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்க வேண்டியிருக்கும். உங்கள் வலது கண்ணுக்குச் சிலிண்டரையும் சேர்த்தால் ஏறக்குறைய 100 மைக்ரான். 482-இல் 110 போய், 100 போய், மிச்சம் 272. அடியில் 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது நெடுங்காலமாக இருக்கும் விதி. 272 அதற்கு மேல். "தாராளமாகச் செய்யலாம்" என்ற பதில் அங்கிருந்து வந்திருக்கும்.

இரண்டாவது டாக்டர் அதே எண்களை வேறு விதமாகப் பார்த்திருக்கிறார். மூடியும் செதுக்கலும் சேர்ந்து 210 மைக்ரான், அதாவது மொத்தக் கனத்தில் 43 சதவீதத்துக்கும் மேல். திருப்பி வைத்த மூடி பார்வைக்கு ஒட்டிக்கொண்டாலும், பழைய பலத்தில் பங்கு கொடுக்காது. கார்னியாவின் முன்பகுதிதான் அதன் பலமான பகுதியும்கூட. ஆகவே 40 சதவீதத்தைத் தொட்டாலே எங்களில் பலர் யோசிப்போம். மிச்சமும் 250 போதாது, 280 அல்லது 300 இருக்கட்டும் என்போம். இதற்கு மேல் ஸ்கேனின் வடிவமும் சரியில்லை என்றால் கணக்கே தேவையில்லை, அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய ஸ்கேன் போட்டோவைப் பார்த்தேன். பச்சையும் இளம் மஞ்சளுமாக இருக்க வேண்டிய படத்தில், கடிகார முள்ளில் ஆறு மணி இருக்கும் இடத்தை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு, கவிழ்த்த வெற்றிலை மாதிரி. சந்தேகப்பட்டது நியாயம். ஆனால் போட்டோவை வைத்து நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அதைவிட முக்கியமாக, அந்த ஸ்கேன் எடுப்பதற்கு முந்தின நாள் இரவுவரை கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இடத்துக்குப் போனபோது காலையில்தான் கழற்றியிருக்கிறீர்கள். தினமும் 12 மணி நேரம் லென்ஸ் அழுத்திய கார்னியா, அது போட்ட வடிவத்திலேயே சில நாள் இருக்கும். அதனால் இல்லாத திட்டும் தெரியலாம், இருக்கும் திட்டும் மறையலாம். உண்மையைச் சொன்னால் இரண்டு ஸ்கேனையுமே நான் முழுதாக நம்பத் தயாராக இல்லை.

பணத்துக்காகச் சொல்கிறாரோ என்ற உங்கள் சந்தேகத்துக்கு ஒரு வார்த்தை. அவர் "லேசர் வேண்டாம்" என்று முதலில் சொன்னார், "பிறகு யோசித்து" என்றார், தேதி கொடுக்கவில்லை. விற்க நினைப்பவர் அன்றைக்கே தேதி கொடுத்திருப்பார். இந்தச் செலவை மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 7.5-க்குக் குறைந்த பவரைத் திருத்தும் சிகிச்சையைக் காப்பீட்டு நிறுவனங்கள் விலக்கிவைக்கலாம் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே வகுத்த விதி.

ஸ்மைல், பி.ஆர்.கே., கான்டூரா

எந்த லேசர் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் கண் எந்த லேசருக்காவது தகுதியா என்பதை முதலில் கேட்க வேண்டும். இருந்தாலும் அம்மாவுக்காகச் சொல்கிறேன்.

ஸ்மைலில் மூடி கிடையாது, அது சரி. ஃபெம்டோசெகண்ட் லேசரால் படலத்துக்குள்ளேயே ஒரு சின்ன வில்லையை வரைந்து, 2 முதல் 4 மில்லிமீட்டர் துவாரம் வழியாக அதை உருவி எடுப்பார்கள். லாசிக் மூடிக்கு வட்டமாகச் சுமார் 20 மில்லிமீட்டர் வெட்டு, இதில் அவ்வளவு இல்லை. நரம்புகள் குறைவாக அறுபடுவதால் கண் உலர்வதும் கொஞ்சம் குறைவு. ஏ.சி. அறையில் நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அது நிஜமான நன்மை. ஆனால் உருவி எடுக்கும் வில்லையின் கனம் லாசிக்கில் செதுக்குவதற்குக் குறைந்ததில்லை, சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வெட்டு சின்னது, இழப்பு சின்னதில்லை. கூம்பாகப் போகும் சந்தேகமுள்ள கண்ணுக்கு ஸ்மைலும் பாதுகாப்பில்லை, அதன் பிறகும் எக்டேசியா வந்திருக்கிறது. சில்க் என்ற பெயரில் விளம்பரம் வருவதும் இதே வகைதான். கான்டூரா என்பது கார்னியாவின் மேடுபள்ளத்தை அளந்து அதற்கேற்ப நுணுக்கமாகச் செதுக்கும் லாசிக். பார்வையின் தெளிவுக்கு நல்லது. அதற்கும் மூடி உண்டு.

பி.ஆர்.கே.யில் மூடியும் இல்லை, வில்லையும் இல்லை. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேரடியாகச் செதுக்குவார்கள். மெலிசான, ஆனால் வடிவம் சரியான கார்னியாவுக்கு இது நல்ல வழி. மூன்று நான்கு நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும், உங்கள் அளவு பவருக்குப் படலத்தில் மங்கல் படியும் வாய்ப்பும் உண்டு. வடிவம் சரியில்லை என்றால் இதுவும் வேண்டாம்.

இந்த எக்ஸைமர் லேசர் கண்ணுக்கு வந்த கதையில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, 1981 நவம்பரில் நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியைக் கொண்டுவந்து அதன் மேல் இந்த லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல், வரைகோல் வைத்துக் கீறியது போல வெட்டு விழுந்தது. அவ்வளவு துல்லியமான கருவி அது. எவ்வளவு எடுக்கச் சொல்கிறோமோ அவ்வளவு எடுக்கும். எடுக்கலாமா என்று முடிவு செய்வது நம் வேலை.

ஐ.சி.எல். பற்றி

இது கார்னியாவைத் தொடாத வழி. சுமார் 3 மில்லிமீட்டர் துவாரம் வழியாக, மடித்த மெல்லிய லென்ஸ் ஒன்றை உள்ளே விட்டு, கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸுக்குப் பின்னால், நம் இயற்கை லென்ஸுக்கு முன்னால் விரித்து வைப்பார்கள். சிலிண்டர் பவருக்கும் சேர்த்துச் செய்வது கிடைக்கிறது. பார்வை மிகத் தெளிவாக இருக்கும், தேவைப்பட்டால் திரும்ப எடுத்துவிடலாம். வளராமல் நிலைத்துவிட்ட, கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிற ஆரம்பநிலைக் கெரட்டோகோனஸ் கண்ணிலும் இதை வைப்பதுண்டு. எதிர்காலத்தில் உங்களுக்குப் பொருந்தக்கூடியது இதுதான் என்று எனக்கும் தோன்றுகிறது.

ஆனால் இது கண்ணுக்குள் செய்யும் அறுவை. கிருமித் தொற்று அபூர்வம்தான், வந்தால் பெரிய ஆபத்து. முதல் நாளே கண் அழுத்தம் ஏறலாம். லென்ஸ் அளவு சரியாக அமையாவிட்டால் கண்புரை சீக்கிரம் வரலாம். கார்னியாவின் உட்புறச் செல்கள் வருடத்துக்கு வருடம் எண்ணப்பட வேண்டும், வாழ்நாள் முழுக்க. ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது சிலருக்கு உண்டு. உள்ளே போதுமான ஆழம் வேண்டும், 3 மில்லிமீட்டராவது இருந்தால் நல்லது. உங்கள் ரிப்போர்ட்டில் 3.2 என்று இருக்கிறது, பரவாயில்லை. கண்ணைக் கசக்கும் பழக்கத்தோடு இதைச் செய்யவே கூடாது. சிலிண்டர் லென்ஸ் உள்ளே சுழன்றுவிட்டால் பார்வை கலங்கும். அரை பவர் ஏறிக்கொண்டிருக்கும்போது வைத்தால், வைத்த பிறகும் ஏறும். 1,90,000 ரூபாய் கொடுத்துவிட்டு மறுபடி கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

லேசருக்குப் பிறகு பவர் மறுபடி வருமா என்ற கேள்விக்கும் இதேதான் பதில். கண் வளர்வதை எந்த லேசரும் நிறுத்தாது. ஒரு வருடம் பவர் அசையாமல் இருந்தால்தான் கை வைக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்து உங்களுக்கும் வரும். கிட்டப்பார்வைக்காரர்கள் அப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிப்பார்கள். திருத்திக்கொண்டவர்களுக்கு அந்த வசதி இருக்காது.

இந்த ஆறு வாரத்தில் செய்ய வேண்டியது

அறுவை எதுவும் வேண்டாம். ஒரு அவசரமும் இல்லாத சிகிச்சை இது. கண் காத்திருக்கும்.

இன்றே கான்டாக்ட் லென்ஸை நிறுத்துங்கள். இரண்டு வாரம் முழுக்கக் கண்ணாடி மட்டும். நீங்கள் போடுவது மென்மையான லென்ஸ் என்பதால் இரண்டு வாரம் போதும், கெட்டி லென்ஸாக இருந்தால் ஒரு மாதமாவது ஆகும். அதன் பிறகு கார்னியா நிபுணர் ஒருவரிடம், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் காட்டும் ஸ்கேனைத் திரும்ப எடுங்கள். தம்பியின் விவரத்தையும் கண் கசக்குவதையும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். திட்டு மறைந்துவிட்டால் நல்லது. அப்போதும் உங்கள் பவருக்கும் கனத்துக்கும் லாசிக் வேண்டாம் என்றுதான் சொல்வேன். திட்டு அப்படியே இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். வளர்கிறது என்று தெரிந்தால் முதலில் உங்களுக்கும் சி3ஆர். அது பவரைக் குறைப்பதற்கான சிகிச்சை இல்லை, இருக்கும் கார்னியாவைக் காப்பாற்றுவதற்கு. நிலையாக இருந்தால் ஒரு வருடம் கழித்து ஐ.சி.எல். பற்றிப் பேசலாம்.

அலர்ஜிக்கு முறையாகச் சொட்டு மருந்து வாங்குங்கள். கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், கண் அழுத்தம் ஏறும். அரித்தால் ஃப்ரிட்ஜில் வைத்த ஈரத்துணியை மூடிய கண் மேல் வையுங்கள். விரல் முட்டி கண்ணுக்குப் போகக் கூடாது. நான் எழுதியதில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

முதல் மருத்துவமனையில் ஸ்கேன் பிரதி தர முடியாது, அறுவைக்குப் பணம் கட்டினால் தருவோம் என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி சொல்கிறது. தேதி போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சண்டை வேண்டாம். இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தப் பேப்பர் எங்களுக்கு வேண்டும். முன்பணமாக 5,000 கட்டியிருக்கிறீர்கள், அதைத் திருப்பித் தரச் சொல்லியும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

கல்யாண நாள்

ஒருவேளை உங்கள் கண் லேசருக்குத் தகுதியாகவே இருந்திருந்தாலும், முகூர்த்தத்துக்கு முன்னால் செய்யாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். நலங்கு, எண்ணெய்க் குளியல், கண்மை, இமைமுடி ஒட்டுவது, ஒரு மணி நேரம் ஹோமப் புகை, தூக்கமில்லாத இரண்டு ராத்திரி. புதிதாக அறுவை செய்த கண்ணுக்கு எதெல்லாம் ஆகாதோ அத்தனையும் நம் கல்யாணத்தில் இருக்கிறது. நடுவில் நாலு வேளையும் சொட்டு மருந்து வேறு.

மறுபரிசோதனை முடிந்ததும், கண் நன்றாக இருந்தால், அன்றைக்கு மட்டும் ஒருநாள் லென்ஸ் போட்டுக்கொள்ள உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். காலையில் புதிதாகப் பிரித்துப் போட்டு ராத்திரி எறிந்துவிடும் வகை. லென்ஸ் போட்ட பிறகுதான் கண்மை, இரவில் லென்ஸைக் கழற்றிய பிறகுதான் மை கலைப்பது. குழாய்த் தண்ணீர் லென்ஸில் படவே கூடாது, அதில் இருக்கும் ஒருவகை அமீபா கார்னியாவைத் தின்றுவிடும். ஹோமத்தின் முன்னால் கண் எரிந்தால் கசக்காமல் தோழியிடம் கேட்டு ஒரு சொட்டு லூப்ரிகன்ட் விட்டுக்கொள்ளுங்கள். லென்ஸோடு போடக்கூடிய வகைதானா என்று முன்பே கேட்டு வாங்கி, அவர் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பையில் கண்ணாடியும் இருக்கட்டும். கண்ணாடி போட்டே மணமேடையில் உட்கார்ந்தாலும் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது உங்கள் இஷ்டம்.

மாப்பிள்ளை வீடும் அத்தை சொன்னதும்

மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள் என்றுதான் நான் சொல்வேன். மைனஸ் 6.5 உள்ள ஒருவர் இரவு லென்ஸைக் கழற்றியபின் ஒரு முழத்துக்கு அப்பால் இருப்பவரின் முகம் தெரியாமல் நிற்பார். அந்த வீட்டில் முதல் வாரமே இதை மறைக்க, நீங்கள் லென்ஸோடு தூங்க ஆரம்பிப்பீர்கள். கார்னியாவில் புண் வருவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. நான் பயப்படுவது அதற்குத்தான். பெரியவர்களைக் கூட்டிவைத்துச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் போனில் பேசுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அடுத்த முறை வீடியோவில் கண்ணாடியோடு பேசுங்கள். அம்மாவின் பதற்றம் எனக்குப் புரிகிறது, அவர் காலத்தில் பார்த்ததை வைத்துப் பயப்படுகிறார். இந்தக் கடிதத்தின் தம்பி பற்றிய பகுதியை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அத்தை சொன்னது பல குடும்பங்களில் நடமாடும் பயம். பவர் அதிகமுள்ள கண் கொஞ்சம் நீளமாக இருக்கும். அதனால் உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்து, ஓட்டை விழுவதும் கழன்றுபோவதும் மற்றவர்களைவிட அதிகம். இது உண்மை. பிரசவத்தில் முக்குவதால் அது கழன்றுபோகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கிட்டப்பார்வைக்காக மட்டும் சிசேரியன் செய்யத் தேவையில்லை. இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும்: லேசரோ ஐ.சி.எல்.லோ செய்தால் கண்ணின் நீளம் குறையாது. கண்ணாடி போனாலும் விழித்திரையின் ஆபத்து அப்படியே இருக்கும். ஆகவே இப்போதே, கண்மணியை விரிய வைக்கும் சொட்டு போட்டு விழித்திரையை ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் அது நடந்த மாதிரி தெரியவில்லை. அப்புறம் வருடம் ஒருமுறை. திடீரென்று மின்னல் அடிப்பது போலவோ, கொசு பறப்பது போலக் கரும்புள்ளிகள் கொட்டுவது போலவோ, ஒரு ஓரத்தில் திரை விழுவது போலவோ தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் கார்னியாவின் வடிவமும் பவரும் மாறும், கெரட்டோகோனஸ் இருந்தால் சிலருக்கு அது வளரவும் செய்யும். குழந்தை பற்றித் திட்டமிடும்போது ஒரு ஸ்கேன் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பவர் வருமா என்பதை உங்கள் அறுவை மாற்றாது. தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் வெளிச்சத்தில் விளையாட விட்டால் வருவது தள்ளிப்போகலாம்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது, வீட்டு பீரோவில் கிடக்கும் பழைய கண்ணாடிச் சீட்டுகளை எல்லாம் தேடி எடுத்துப் போங்கள். சிலிண்டர் பவர் எந்த வயதில் முளைத்தது, எந்தக் கோணத்தில் திரும்பியது என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். தம்பி சி3ஆர் செய்த பிறகு கடைசியாக எப்போது ஸ்கேன் எடுத்தார் என்றும் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அவரையும் அதே நாளில் கூட்டிக்கொண்டு போங்கள்.